கொட்டகை நடனமும் ஆறு போர்வைகளும்

[காட்சி: மரக் கொட்டகை கட்டும் இடம். சுற்றிலும் பலகைகள், ரம்பங்கள், கோடாரிகள்.]

ஒருவர் கோடாரிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் காம்பையே தாண்டித் தாண்டிக் குதிக்கிறார். அவர் கடைசித் தம்பியாக நடிக்கும் ரஸ் டாம்ப்ளின். அவரைச் சுற்றி நடப்பது வேலையா ஆட்டமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1954இல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டுடியோ வெளியிட்ட 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' படத்தின் காட்சி இது. இயக்கம் ஸ்டான்லி டோனன், நடனம் மைக்கேல் கிட்.

கதை நடப்பது 1850இல், ஓரிகன் மலைப்பகுதியில். மூத்தவன் ஆடம் ஊருக்குள் வந்து, வந்த அன்றே மில்லியைக் கல்யாணம் செய்து கூட்டிப்போகிறான். வீட்டுக்குப் போன பிறகுதான் இன்னும் ஆறு தம்பிகள் இருப்பது அவளுக்குத் தெரிகிறது. இதே கதையைத் தழுவி இந்தியில் வந்த, அமிதாப் பச்சன் நடித்த 'சத்தே பே சத்தா' பார்த்தவர்களுக்கு இந்த இடம் நன்றாக நினைவிருக்கும்.

படத்தைக் குறை சொல்பவர்கள் முதலில் காட்டுவது பின்னணியை. மலையும் பனியும் பல இடங்களில் வெறும் ஓவியத் திரை. அதே வருடம் வந்த, தங்களுடைய இன்னொரு இசைப்படமான 'பிரிகடூன்' மேல்தான் ஸ்டுடியோவுக்கு நம்பிக்கை அதிகம், அதனால் இதற்குச் செலவைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆட்டம் தொடங்கியதும் திரையை யார் பார்க்கிறார்கள்?

நடனத்தில் கிட் எடுத்த முடிவு அபாரமானது. காட்டில் மரம் வெட்டுகிறவர்கள் திடீரென்று பாலே ஆடினால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் அவர்கள் கைக்குப் பழகிய வேலையிலிருந்தே அசைவுகளை எடுத்தார். பனிக்காலத்தில் துணையில்லாமல் ஏங்கிப் பாடும் 'லோன்ஸம் போல்கேட்' பாட்டைக் கவனியுங்கள். தாளத்துக்குக் கோடாரி இறங்குகிறது, ரம்பம் இழுபடுகிறது. துள்ளல் இல்லை, சோர்வுதான் நடனம்.

சரி, இப்போது கடினமான இடம்.

மில்லி கொண்டுவந்த புத்தகங்களில் ஒன்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியது. ரோமானியர்கள் பக்கத்து இனத்தவரான சபைன் பெண்களைத் தூக்கிப்போன கதையை ஆடம் அதிலிருந்து எடுத்துச் சொல்ல, தம்பிகள் இரவில் ஊருக்குள் போய் ஆறு பெண்களைப் போர்வை போர்த்தித் தூக்கி வருகிறார்கள். துரத்தி வருபவர்களைப் பனிச்சரிவு தடுத்துவிடுகிறது. வசந்தம் வரும்வரை வழி இல்லை. இதையெல்லாம் படம் சிரிப்புக் காட்சியாகவே நடத்துகிறது.

'அந்தக் காலம் அப்படி' என்பார்கள் ரசிகர்கள். நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் படத்துக்கே இது தவறு என்று தெரியும். மில்லி கொதித்துப்போய்த் தம்பிகளைக் கொட்டகைக்கு விரட்டுகிறாள். மில்லியாக நடித்த ஜேன் பவல் அந்தக் கோபத்தைக் கொஞ்சமும் விளையாட்டாகச் செய்யவில்லை.

[காட்சி: மீண்டும் கொட்டகை நடனம். இப்போது பெண்களின் முகங்கள் மட்டும்.]

அந்த நடனத்தை இன்னொரு முறை போடுகிறேன், இந்த முறை பெண்களைப் பாருங்கள். பின்னால் தூக்கிச் செல்லப்படும் அதே ஆறு பேர்தான், கொட்டகை கட்ட வந்த ஊர் இளைஞர்களின் துணையாக வந்திருக்கிறார்கள். ஆட்டத்தின் நடுவே ஒவ்வொருத்தியும் தானாகவே வண்ணச் சட்டை போட்ட தம்பிகள் பக்கம் நகர்கிறாள். யாரும் பிடித்து இழுக்கவில்லை. அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, அதனால் கை நீட்டுகிறார்கள். அந்தச் சில நிமிடங்களிலேயே ஆறு காதலும் தொடங்கிவிட்டது. அப்புறம் எதற்குப் போர்வை? கதைக்கு அந்தக் கடத்தல் தேவையே இல்லை என்பதைக் கிட்டின் நடனம் முன்பே காட்டிவிட்டது. படத்தின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். தன்னுடைய மிகச் சிறந்த காட்சியை அது தானே மறந்துவிடுகிறது.

பிறகு அந்தப் பெண்கள் மனம் மாறி, ஊருக்குத் திரும்ப மறுத்து ஒளிந்துகொள்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு குளிர்காலம் முழுக்க அடைத்துவைத்த பிறகு வரும் சம்மதத்தை, அந்த நடனத்தில் நீண்ட கையோடு என்னால் ஒன்றாக வைக்க முடியவில்லை.

கடைசியில் அப்பாக்கள் துப்பாக்கியோடு வருகிறார்கள். உள்ளே குழந்தை அழும் சத்தம். அது மில்லியின் குழந்தை. யாருடையது என்று கேட்டதும் ஆறு பெண்களும் ஒரே குரலில் 'என்னுடையது' என்கிறார்கள். அப்பாக்களுக்கு வேறு வழியில்லை, கல்யாணம் செய்துவைக்கிறார்கள். அரங்கம் சிரிக்கும் இடம் இது, நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் தாங்கள் விரும்பியவனை மணக்க அந்த ஆறு பேரும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.