94 நாள் சுற்றிவிட்டுக் கல்லடிப் பாலத்தில் நின்று ஒரு கதை

வணக்கம். மைக்கில் கேட்கிற இரைச்சல் கச்சான் காற்று, ஒன்றும் செய்ய முடியாது. மட்டக்களப்பில், கல்லடிப் பழைய பாலத்தில் நிற்கிறேன். ஊருக்கு வந்து ஐந்து நாள். வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மலேசியா என்று 94 நாள் சுற்றியதில் எது திறம் என்று கொமெண்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அங்கோர் வாட் என்று சொல்லுவேன் என்றுதானே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

அங்கோர் வாட் பெரிசுதான். கம்போடியாவில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டின கோயில். ஒரு நாள் டிக்கெட் 37 டொலர், நம்மட காசில் பதினோராயிரத்துக்கு மேல். விடியச் சாமம் எழும்பிப் போனால் எனக்கு முன்னால் நூற்றுக்கணக்கில் போன் தூக்கிப் பிடித்தபடி சனம். உள்ளே பாற்கடல் கடைகிற சிற்பம் ஏறக்குறைய 50 மீட்டருக்கு நீளுகிறது. வாசுகியை இழுக்கிறவர்கள் வரிசையாக நிற்கிற விதத்தைப் பார்த்தால், அச்சு அசல் நம்மட கரைவலை. அதில் மட்டும் ஒரு மணித்தியாலம் நின்றேன். மற்றது எல்லாம், சரி, பார்த்தாச்சு.

எனக்குத் திறம் அதற்குத் தெற்கே இருக்கிற தொன்லே சாப் ஏரி. கம்போங் புளுக் என்று ஒரு கிராமம். ஏப்ரல் கடைசி, தண்ணீர் வற்றின நேரம். வீடெல்லாம் மூன்று ஆள் உயரக் கால்களில் நிற்கிறது. நான் அண்ணாந்து பார்த்த திண்ணையில், மழைக்காலத்தில் தோணியைக் கட்டுவார்களாம். மழைக்கு மேகொங் ஆறு பெருகி, ஏரியிலிருந்து வெளியே ஓடுகிற ஆற்றையே திருப்பி உள்ளே தள்ளிவிடும். ஆறு பின்னுக்கு ஓடும்! ஏரி ஐந்தாறு மடங்கு பெருத்துவிடும். நவம்பரளவில் தண்ணீர் திரும்ப வெளியே இறங்கும், மீனும் அதோடு சேர்ந்து வரும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். கோடையில் மண் மூடி, மாரியில் வாய் திறக்கிற முகத்துவாரத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, தண்ணீரின் இந்தக் குணம் கொஞ்சம் பழக்கம்தான்.

ஒரு வீட்டுக்குக் கீழே வயசான அம்மா ஒருவர் குந்தியிருந்தார். வலையைக் கால் பெருவிரலில் கொளுவி, இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் கிழிசலைப் பொத்துகிறார். நூல் முடிந்தால் பல்லால் கடித்து அறுக்கிறார். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நாலு நிமிசம் அதையே எடுத்தேன்.

வியட்நாமில் மி சோன் சிவன் கோயில்களுக்குத் தனி வீடியோ வரும். 1969இல் குண்டு விழுந்து உடைந்தவை, குழிகள் இன்னும் பக்கத்திலேயே கிடக்கின்றன. அதை ரெண்டு வரியில் கதைத்துவிட்டுப் போக மனமில்லை.

அப்புறம் நான் பட்ட கூத்து. முதல் மூன்று நாட்டிலும் ஒரே நேரம், நம்மை விட ஒன்றரை மணித்தியாலம் முந்தி. அதனால் இரண்டு மாசத்துக்கு மேல் கைக்கடிகாரத்தைத் தொடவே இல்லை. மலேசியா அதைவிட ஒரு மணித்தியாலம் முந்தி என்பது எல்லையில் இருக்கிற பாடாங் பெசார் ஸ்டேஷனில் என்ர ரயில் போன பிறகுதான் விளங்கியது. போனில் சார்ஜும் இல்லை. பிழை முழுக்க என்னுடையது. அடுத்த ரயில் வரும்வரை நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பொதியைப் பிரித்ததும் தேங்காய்ப்பாலோடு ரம்பை வாசம். அம்மாவின் அடுப்படி.

நேற்று இரவு எல்லா வீடியோவையும் வீட்டு ரீவியில் போட்டேன். மாமா வாவியில் வலை போடுகிறவர். அங்கோர் வாட் ஓடும்போது வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வலை பொத்துகிற அந்த அம்மா வந்ததும், “நிப்பாட்டு மனே” என்றார். எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய்க் குனிந்தார்.

“இது என்ன கண் வலை? இவ்வளவு சின்னக் கண்ணில என்ன மீன் பிடிக்கிறாங்க?”

கேட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். கேட்கவில்லை.