ஐந்தடி நாடாவும் ஆறடி மனிதரும்

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணி நண்பர்களே, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலேயே மறுப்பு எழுதிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘கடல் கடந்த சீக்கியரின் உடல்வலு தளர்ந்திருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா?’ இதுதான் தலைப்பு. நான் ‘வளர்ந்திருக்கிறது’ என்ற அணி. தமிழ் மேடையில் இதென்ன தலைப்பு என்று வாசலிலேயே ஒரு அக்கா கேட்டுவிட்டார். அக்கா, நான் மலேசியாவின் தைப்பிங்கில் பிறந்தவன். கோவில் மணியும் குருத்வாரா கீர்த்தனையும் சேர்ந்தே கேட்டு வளர்ந்த காது இது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு?

எதிரணித் தலைவர் அண்ணன் பிரமாதமாகப் பேசினார். சட்டைப் பையிலிருந்து தையற்கடை நாடாவை உருவி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, “தாத்தா இவ்வளவு உயரம், பேரன் இவ்வளவுதான்” என்று காட்டினார். தாத்தா கையில் லத்தி, பேரன் கையில் இன்சுலின் ஊசி என்றார். மல்யுத்த வீரர் தாராசிங்கை வேறு கொண்டுவந்து நிறுத்தினார். கைதட்டல் கூரையைத் தொட்டது. நானும்தான் தட்டினேன். ஆனால் அண்ணே, தையற்கடை நாடா ஐந்தடிதான் இருக்கும். ஆறடித் தாத்தாவை அதில் எப்படி அளந்தீர்கள்?

சரி, அந்த ஆறடித் தாத்தா பொய்யில்லை. நானே பார்த்திருக்கிறேன். சிறு வயதில், எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு வட்டிக்கடை வாசலில் ‘ஜாகா’ ஒருவர் இருந்தார். ஜாகா என்றால் காவல்காரர், மலாய்ச் சொல். சாயங்காலம் கடை அடைத்ததும் கயிற்றுக் கட்டிலை ஐந்தடி நடைபாதையில் குறுக்கே போட்டு, கதவையே மறைத்துப் படுத்துக்கொள்வார். கட்டில் அவருக்குப் போதாது. இரண்டு பாதங்களும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தப் பாதங்களைச் சுற்றிக்கொண்டுதான் போவோம். மலாய்க்காரர்கள் அவரை ‘பெங்காலி’ என்பார்கள். கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பல் ஏறி வந்தவர்கள் என்பதால் பஞ்சாபிக்கு வங்காளிப் பெயர்! எங்கள் மனதில் சீக்கியர் என்றால் அந்தப் பாதங்கள்தான்.

அந்தப் பாதங்கள் தைப்பிங்குக்கு எப்படி வந்தன என்பதைத்தான் எதிரணி சொல்லாமல் விட்டுவிட்டது. 1873-இல் எங்கள் வட்டாரமான லாருட்டின் ஈயச் சுரங்கச் சண்டையை அடக்க, கேப்டன் ஸ்பீடி என்ற ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து ஆள் திரட்டி வந்தார். அந்தப் படைதான் வளர்ந்து பேராக் சீக்கியர் படையாகி, 1896-இல் ‘மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ்’ ஆனது. அதன் தலைமையகம் எங்கள் தைப்பிங்தான். 1881-இல் சிங்கப்பூர் போலீஸில் சீக்கியர் பிரிவு. ஹாங்காங் அதற்கும் முந்தி, 1867. இந்த வேலைகளுக்கெல்லாம் ஆள் எடுத்தது எப்படி? 1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியாவைப் போர்க்குலம், மற்ற குலம் என்று கோடு போட்டுப் பிரித்தார்கள். போர்க்குலத்திலும் உயரம் பார்த்தார்கள், மார்பை அளந்தார்கள், வயலில் காய்த்த கையா என்று தடவிப் பார்த்தார்கள். நெட்டையானவர் கப்பல் ஏறினார். குட்டையானவர் ஜலந்தரிலேயே கோதுமை அறுத்தார்.

அப்படியென்றால் நாம் பார்த்தது பஞ்சாபை அல்ல, சலித்து எடுத்த பஞ்சாபை. சாலையோரக் கடையில் முன்வரிசையில் அடுக்கியிருக்கும் டுரியானைப் பார்த்துவிட்டுத் தோப்பு முழுக்க அதே அளவு என்று நம்பினால் நஷ்டம் யாருக்கு? இன்றைக்கு அந்த ஜாகாவின் பேரன் பல் மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர். அவரை யாரும் நாடா வைத்துப் பொறுக்கி எடுக்கவில்லை. பொறுக்கி எடுத்த தாத்தாவையும் பொறுக்காத பேரனையும் பக்கத்தில் நிறுத்தி, “பார், தேய்ந்துவிட்டது” என்பது என்ன கணக்கு ஐயா?

அடுத்து தாராசிங். சென்னையில் கிங்காங் என்ற மல்லரோடு அவர் மோதிய கதையை நம் அப்பாமார் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். ஆறடி இரண்டு அங்குலம், 127 கிலோ. எதிரணி அவரைப் பழைய பஞ்சாபின் சாட்சியாக அழைத்தது. ஆனால் அவர் 1947-இல் சிங்கப்பூருக்கு வந்தவர். டிரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, கிரேட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் ஹர்னாம் சிங் என்ற குருவிடம் தொழில்முறை மல்யுத்தம் பயின்றார். ஊர்ப் பால் ஊர் நெய் எல்லாம் சரி, அவரை மல்லராக்கியது கடல் கடந்த மண். உங்கள் சாட்சி எங்கள் கட்சி, அண்ணே.

இன்னொன்று பாருங்கள். 2010, டெல்லி காமன்வெல்த் போட்டி. 120 கிலோ மல்யுத்தம், தங்கத்துக்கான ஆட்டம். ஒரு பக்கம் இந்தியாவின் ஜோகிந்தர் குமார். எதிரே அர்ஜன் சிங் புல்லர், கனடாவின் ரிச்மண்ட் நகரத்துப் பிள்ளை. டெல்லிக் கூட்டத்தின் நடுவே கனடாக்காரர் ஜெயித்தார். அடுத்து 2012 லண்டன் ஒலிம்பிக். 2021-இல் கலப்புத் தற்காப்புக் கலையில் ‘ஒன்’ அமைப்பின் அதிக எடைப்பிரிவு உலகப் பட்டம். ‘தளர்ந்த’ தலைமுறை இது!

‘தனிமரம் தோப்பாகாது’ என்று எதிரணித் தங்கை முணுமுணுப்பது கேட்கிறது. தோப்பைக் காட்டுகிறேன், தங்கச்சி. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சர்ரே என்ற நகரம். அங்கே கால்சா மல்யுத்த மன்றம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பல்பீர் தேசி, மர அறுவை ஆலைத் தொழிலாளி. பகலில் மரம் தூக்கியவர் மாலையில் பிள்ளைகளுக்குப் பிடி சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் அமர் தேசி 125 கிலோ எடைப்பிரிவில் டோக்கியோ ஒலிம்பிக்கில் இறங்கினார், 2022 காமன்வெல்த்தில் தங்கம் வாங்கினார். உயரம்தான் வேண்டும் என்றால் டொரொண்டோவில் பிறந்த சிம் புல்லர் இருக்கிறார், ஏழடி ஐந்து அங்குலம். 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ அணிக்காக அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஆடினார். இந்திய வம்சாவளியில் முதல் ஆள். அவரை அளக்க உங்கள் நாடாவை ஒன்றரைத் தடவை போட வேண்டும்.

ஹாக்கி போய்விட்டதே என்றும் வருத்தப்பட்டார்கள். கென்யாவின் ஹாக்கி அணியில் ஒரு காலத்தில் பாதிக்கு மேல் சீக்கியர்கள், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆறாவது இடம், உண்மைதான். அந்தக் குடும்பங்கள் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் பெயர்ந்தன, ஹாக்கி புல்லிலிருந்து செயற்கைத் தரைக்கு மாறியது. மைதானம் போனது, கால் போகவில்லை. கால் இருக்கிறது என்பதற்கு நம் மலேசியாவிலேயே சாட்சி உண்டு. 1980-இல் மெர்டேகா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்ற நம் கால்பந்து அணியில், கோல் வலைக்கு முன்னால் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம், அவருக்கு முன்னால் சுவராக சந்தோக் சிங். அரசு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் மாஸ்கோ போகவில்லை, அந்த வயிற்றெரிச்சல் தனிக் கதை.

இனி எதிரணி மூன்று பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா, பேரன், தாத்தா, பேரன் என்றே போனார்களே தவிர, பாட்டியும் பேத்தியும் எங்கே? ஆள் எடுக்க வந்த வெள்ளைக்காரன் பெண்ணை அளக்கவில்லை, சரி. நீங்களும் அளக்கவில்லையே!

இங்கிலாந்தின் டெர்பியில் வளர்ந்த சீக்கியப் பெண் பிரீத் சண்டி. ராணுவத்தில் பிசியோதெரபிஸ்ட். ஏறத்தாழ 90 கிலோ பாரத்தைச் சறுக்குவண்டியில் கட்டி, தனி ஆளாக இழுத்துக்கொண்டு, 40 நாளில் 1,127 கிலோமீட்டர் பனியில் நடந்து, 2022 ஜனவரி 3-ஆம் தேதி தென்துருவம் போய்ச் சேர்ந்தார். அடுத்த பயணத்தில் 70 நாள், 1,485 கிலோமீட்டர். எனக்கு நைட் மார்க்கெட்டிலிருந்து அரிசி மூட்டையைக் காருக்குக் கொண்டுவரவே ஆள் வேண்டும். அப்புறம் கரன்ஜீத் கவுர் பெயின்ஸ். பவர்லிஃப்டிங் என்ற பளுதூக்கும் போட்டியில் பிரிட்டனுக்காக இறங்கிய முதல் சீக்கியப் பெண். 2024 முதல் பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘கிளாடியேட்டர்ஸ்’ என்ற உடல்வலுப் போட்டி நிகழ்ச்சியில் அதீனா என்ற பெயரில் மோதுகிறார். ஜாகா தாத்தாவின் வீட்டில் பாட்டி மாடு கறந்தார், சாணம் தட்டினார், அதுவும் வலுதான். ஆனால் அந்த வலுவுக்கு மேடையும் பெயரும் வந்தது பேத்தி காலத்தில். ஒரு சமூகத்தில் பாதிப் பேரைக் கணக்கில் சேர்த்தபின் கூட்டுத்தொகை ஏறுமா, இறங்குமா?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இரண்டு நிமிடம் கொடுங்கள். சர்க்கரை வியாதிக்குப் பதில் சொல்லாமல் இறங்கினால் ஓடிவிட்டான் என்பார்கள்.

சொல்கிறேன். மறைக்க மாட்டேன். லண்டனின் சவுத்தால் பகுதியில் 1980-களின் கடைசியில் நடந்த ஆய்வில், அங்கிருந்த தெற்காசியரிடம் நீரிழிவு வெள்ளையரைவிட நான்கு மடங்குக்குக் குறையாமல் இருந்தது. அந்த ஆண்களில் பெரும்பகுதி பஞ்சாபிச் சீக்கியர்கள். 1995-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு அதைவிட அழகானது. மேற்கு லண்டனில் குடியேறிய பஞ்சாபிகளையும் ஊரிலேயே இருந்துவிட்ட அவர்களுடைய உடன்பிறப்புகளையும் ஒப்பிட்டார்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லண்டன்காரருக்கு எடை கூட, ரத்த அழுத்தம் கூட, கொழுப்பும் கூட. எதிரணிக்கு இது வெல்லக்கட்டி. ஆனால் சப்பிப் பாருங்கள். அண்ணனுக்கு வந்தது தம்பிக்கு வரவில்லை என்றால், மாறியது பிறவிக்கட்டு இல்லை, தட்டும் நாற்காலியும். ரப்பர் தொழிற்சாலையிலும் வார்ப்பாலையிலும் இரவு ஷிப்டு, கலோரி எரிக்க வயல் இல்லை, நெய் மட்டும் பழைய அளவிலேயே. இப்போது கனடாவில் லாரி ஓட்டுகிறவருக்கும் அதே கதை, பத்து மணி நேரம் இருக்கையில். லண்டனில் தமிழனை அளந்தாலும் வயிறு இதையேதான் சொல்லும். மைக்கைப் பிடித்திருக்கும் என் வயிறே சொல்கிறதே!

போன வருடம் சவுத்தாலில் என் தங்கை வீட்டில் இரண்டு வாரம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில் லங்கர், அதாவது எல்லோருக்கும் போடும் பொதுச் சாப்பாடு, சாப்பிடப் போனோம். தரையில் நீளப் பாய். எதிரே ஒரு பாட்டி, எழுபத்தைந்து இருக்கும், சல்வாரும் காலுறையும். ரொட்டிக்கு நெய் தடவ வந்த பையனின் தூரிகையைக் கையாலேயே மறித்து, “சுக்கா, புத்தர்” என்றார். காய்ந்த ரொட்டி போதும், மகனே என்று அர்த்தமாம். பையன் அசந்துபோய் அடுத்த ஆளுக்கு, அதாவது எனக்கு, இரட்டிப்பாகத் தடவினான். சாப்பிட்டு முடித்ததும் பாட்டி சம்மணத்திலிருந்து கையை ஊன்றாமல் அப்படியே எழுந்தார். நான் தூணைப் பிடித்து எழுந்தேன். வாசலில் அவர் செருப்பைத் தேடுவார் என்று பார்த்தால், ஓடுகிற ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பூங்காவில் மூன்று சுற்றாம், தினமும். ஆய்வு வந்து முப்பது வருடமாகிறது ஐயா. அந்தச் செய்தி சமையலறை வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

கடைசியாக ஒருவர். ஜலந்தர் பக்கம் பியாஸ் பிண்ட் என்ற கிராமத்தில் பிறந்தவர் ஃபௌஜா சிங். ஐந்து வயது வரை நடக்கவில்லை. கால் குச்சியாக இருந்ததால் ஊரில் ‘டண்டா’ என்று கேலி. கேப்டன் ஸ்பீடி அவரைப் பார்த்திருந்தால் வரிசையிலேயே நிற்க விட்டிருக்க மாட்டார். மனைவியையும் மகனையும் பறிகொடுத்துவிட்டு, தொண்ணூறுகளில் கிழக்கு லண்டனில் இன்னொரு மகன் வீட்டுக்கு வந்தார். துக்கத்தை இறக்கி வைக்க ஓட ஆரம்பித்தார். 2000-இல், 89 வயதில், லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார். 2003-இல் டொரொண்டோவில் 5 மணி 40 நிமிடம். வயது ஏறுகிறது, நேரம் குறைகிறது! 2011-இல், நூறு வயதில், அதே டொரொண்டோவில் எட்டே கால் மணி நேரத்துக்குள். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் ஏற்கவில்லை. கடவுச்சீட்டில் 1911 என்று போட்டிருந்தது, அது போதவில்லையாம். ஐம்பது கிலோவை ஒட்டிய உடம்பு, சைவச் சாப்பாடு. 2025 ஜூலையில் அதே பியாஸ் பிண்டில் சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி இறந்தார். 114 வயது. அன்றைக்கும் நடந்துதான் போய்க்கொண்டிருந்தார்.

மறுபடியும் மணி. இறங்கிவிடுகிறேன் ஐயா. எதிரணித் தலைவர் பதிலுக்கு எழுந்திருக்கும் முன், அந்த நாடாவை மட்டும் யாராவது வாங்கி வையுங்கள். நன்றி, வணக்கம்.