‘முதல்ல போடு, அப்புறம் பார்க்கலாம்’

நடுவர் அவர்களே, அவையோருக்கு வணக்கம். ‘இணையச் செய்தித் தளங்களில் தரம் கெடுவதற்குப் பெரிதும் பொறுப்பு எழுதுபவர்களா, எழுத வைக்கும் ஆசிரியர் குழுவா?’ என்பது தலைப்பு. ஆசிரியர் குழுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் பஸ்ஃபீட் என்ற அமெரிக்க இணையத்தளத்தின் கதையைச் சொன்னார். 2014-இல் அங்கே எழுத்தாளராக இருந்த பென்னி ஜான்சன் எழுதிய 500 பதிவுகளை அலசினார்கள், 41 இடங்களில் அடுத்தவர் வரிகள் சிக்கின, ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள், தீர்ந்தது கணக்கு என்றார். கைதட்டலும் வாங்கினார். ஆனால் கதையில் பாதியை அண்ணன் விழுங்கிவிட்டார் நடுவர் அவர்களே!

அந்தத் திருட்டை முதலில் பிடித்தது யார்? ட்விட்டரில் புனைபெயரில் இருந்த இரண்டு பேர். அப்போது பஸ்ஃபீட் தலைமை ஆசிரியர் பென் ஸ்மித் என்ன செய்தார்? ஜான்சன் அசலான எழுத்தாளர் என்று பரிந்து பேசினார். மேலும் மேலும் வெளியே வந்த பிறகுதான் உள்ளே தேடினார்கள். ஆளை நீக்கியதோடு முடியவில்லை. எங்கள் ஆரம்பகால எழுத்தாளர்களுக்குப் பத்திரிகைப் பின்னணி இல்லை, பத்திரிகைத் தர அளவுகோலை அவர்கள்மேல் வைக்கவும் இல்லை என்று ஆசிரியர் தரப்பே ஒப்புக்கொண்டது. இனி புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி தருவோம் என்றும் சொன்னது. அண்ணன் கொண்டுவந்த சாட்சி, கூண்டில் ஏறி என் பக்கம் பேசுகிறது!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தே திருடுகிறவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர். மீதிப் பேர் யார்? ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்திருக்கும் புதுப்பெண். மூத்த நடிகர் ஒருவர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி. ‘குடும்பத்தாருக்கு ஒரு போன் போடட்டுமா சார்?’ என்கிறாள். ‘மத்தவங்க போட்டாச்சு, முதல்ல போடு, அப்புறம் பார்க்கலாம்’ என்று பதில் வருகிறது. காலையில் நடிகர் நலமாகக் காபி குடிக்கிறார். மெமோ யாருக்கு? அந்தப் பெண்ணுக்கு! எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது இதற்குத்தானே?

சரி, எழுத்தாளரே இல்லாத இடத்துக்கு வாருங்கள். சிஎன்இடி (CNET) என்ற அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தித் தளம் 2022 கடைசியில் செயற்கை நுண்ணறிவை வைத்துக் கட்டுரை போட ஆரம்பித்தது. ஒரு கட்டுரையில் 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் ஓராண்டில் 10,300 டாலர் வருமானம் கிடைக்கும் என்று வந்தது. உண்மையில் கிடைப்பது 300. எட்டாம் வகுப்புப் பிள்ளை சிரிக்கும்! ஆசிரியர்கள் படித்துப் பார்த்துத்தான் வெளியிடுகிறோம் என்றும் அந்தத் தளம் சொல்லியிருந்தது. 77 கட்டுரைகளில் 41-க்குத் திருத்தம் போட வேண்டி வந்தது. (இங்கேயும் 41, அந்த எண்ணுக்கு ஏதோ ராசி.)

அச்சுக்காலத்திலும் இதே கதைதான். நிருபர் ஜேசன் பிளேரை இனி எழுதவிடக் கூடாது என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் நகரச் செய்தி ஆசிரியர் 2002 ஏப்ரலிலேயே எழுத்தில் எச்சரித்தார். மேலிடம் நிறுத்தவில்லை. மறு ஆண்டு பிளேர் இட்டுக்கட்டி எழுதிய புளுகு அம்பலமானபோது, விஷயம் அவரோடு முடியவில்லை. நாளிதழின் தலைமை ஆசிரியரும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஆசிரியரும் பதவி விலகினார்கள்.

எதிரணியில் அடுத்து பேச வருகிற அக்காவிடம் ஒரே கேள்வி. சிஎன்இடியில் எந்த எழுத்தாளருக்கு மெமோ கொடுப்பீர்கள்? பெயரைச் சொல்லிவிட்டு வாதத்தைத் தொடங்குங்கள் அக்கா. நன்றி, வணக்கம்.