ஒரு பறவைக்காக முன்கூட்டியே நின்ற டிவி, ஒரு கூப்பனால் தள்ளிப்போன தேதி!

வணக்கம் மக்களே! 2009 பிப்ரவரி 17. அமெரிக்காவில் பெரிய டிவி நிலையங்கள் எல்லாம் பழைய முறையான அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, முழுதாக டிஜிட்டலுக்கு மாற வேண்டிய நாள். சட்டமே போட்டாயிற்று. ஆனால் கடைசி நேரத்தில் ஜூன் 12-க்குத் தள்ளிவிட்டார்கள். இந்தக் குழப்பத்துக்கு நடுவில் ஹவாய் மட்டும் ஒரு மாதம் முன்னாடியே, ஜனவரி 15 நண்பகலில், அனலாக்கை அணைத்துவிட்டது. யாருக்காக? ஒரு கடற்பறவைக்காக!

பறவைக்கு வருகிறேன், முதலில் பின்னணி. 1997 சட்டம் சொன்ன கெடு 2006 முடிவு. ஆனால் ஒரு பகுதியில் 85 சதவீத வீடுகளுக்காவது டிஜிட்டல் வசதி வராவிட்டால் நீட்டிக்கலாம் என்று அதிலேயே ஒரு சந்து இருந்தது, அதனால் அந்தக் கெடு நிற்கவில்லை. அடுத்த கெடுதான் 2009. அதற்குள் காலியாகப் போகும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2008-லேயே செல்போன் நிறுவனங்களுக்கு ஏலம் விட்டு, கிட்டத்தட்ட 1,960 கோடி டாலர் பார்த்துவிட்டார்கள்.

சரி, பறவை. ஹவாயின் மவுயி தீவில் ஹலேயகலா என்று 3,000 மீட்டருக்கும் மேல் உயரமான எரிமலை. உச்சியில் டிவி கோபுரங்கள், பக்கத்திலேயே உஆஉ என்ற பறவையின் வளைகள். அதன் கூவலே 'உ-ஆ-உ' என்றுதான் இருக்கும், பெயரும் அதிலிருந்து வந்ததுதான்! பகலெல்லாம் கடலில், இருட்டினால்தான் கூட்டுக்கு. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. அழிவின் விளிம்பில் இருக்கும் பறவைக்கு அந்த ஒரு முட்டை போனால் அந்த வருடமே போச்சு. பிப்ரவரி வாக்கில் அவை வளைக்குத் திரும்பும், அதற்கு முன் பழைய கோபுரங்களைக் கழற்றி இறக்கியாக வேண்டும். அதனால்தான் ஜனவரி. எனக்கு இந்த முழுக்கதையிலும் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் பறவை வரும் தேதியை யாராலும் தள்ளிப்போட முடியாது.

மற்ற இடங்களில் ஏன் தள்ளிப்போட்டார்கள்? பழைய டிவியில் டிஜிட்டல் தெரிய ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். அதற்கு அரசு கொடுத்தது வீட்டுக்கு இரண்டு கூப்பன், ஒவ்வொன்றும் 40 டாலர், 90 நாளில் காலாவதி. இங்கேதான் சிக்கல். அனுப்பிய ஒவ்வொரு கூப்பனுக்கும் பணத்தை ஒதுக்கி வைத்தாக வேண்டும், வாங்கியவர் அதை மேஜை டிராயரில் போட்டு மறந்திருந்தாலும் காலாவதியாகும் வரை அந்தப் பணம் வேறு யாருக்கும் போகாது. 2009 ஜனவரி முதல் வாரத்தில் கூப்பனுக்கான ஒதுக்கீடு 134 கோடி டாலரும் முட்டிக்கொண்டு நின்றது, புதிதாகக் கேட்டவர்கள் எல்லாம் காத்திருப்போர் பட்டியலில். இன்னொரு பக்கம், காலாவதியான கூப்பனுக்குப் பதில் வேறு கூப்பன் கேட்கவும் அப்போது வழி இல்லை. டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி அந்த ஜனவரியில் சுமார் 65 லட்சம் வீடுகள் துளிகூடத் தயாராக இல்லை. கேபிள் கட்டணம் கட்ட முடியாமல் ஆன்டெனாவை நம்பி இருந்த வீடுகள் இதில் எத்தனையோ. அவர்களுக்குப் புயல் எச்சரிக்கையும் அந்தத் திரையில்தான். தள்ளிப்போட்டது சரி என்றுதான் நான் சொல்வேன். தப்பு கூப்பன் விதியில்.

அப்புறம் ஆன்டெனா! அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். மொட்டை மாடியில் ஒருவர் கம்பியைத் திருப்ப, கீழேயிருந்து "இப்ப வருது, இப்ப வருது, அப்படியே விடு!" என்று கத்திய அனுபவம் உங்களுக்கு உண்டா? கமெண்டில் சொல்லுங்கள். டிஜிட்டலில் அந்த நடுநிலையே கிடையாது. நல்ல படம், கட்டம் கட்டமாக உறைதல், அப்புறம் ஒரேயடியாக இருட்டு. முன்னோட்டமாக 2008 செப்டம்பர் 8-ல் வட கரோலினா மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் அனலாக்கை நிறுத்தியபோதே, தூரத்திலிருந்து பார்த்துவந்த சிலருக்குச் சேனலே காணாமல் போனது. ஆனாலும் கூப்பன் கொடுத்தது பெட்டிக்கு மட்டும்தான், ஆன்டெனாவுக்கு இல்லை.

ஜூன் 12 தள்ளிப்போகவில்லை. ஆனால் குறைந்த சக்தி கொண்ட சின்ன நிலையங்களுக்கு அந்தத் தேதி பொருந்தாது, அவற்றின் கெடு 2015-ல் இருந்து தள்ளித் தள்ளி 2021 ஜூலை 13 வரை வந்தது. அவற்றில் 6-ஆம் சேனலில் இருந்த சிலருக்கு ஒரு வசதி, அந்தச் சேனலின் அனலாக் ஒலி 87.75 மெகாஹெர்ட்ஸில் விழும். அதாவது சாதாரண எஃப்எம் ரேடியோவிலேயே கேட்கும். டிவி உரிமத்தை வைத்துக்கொண்டு அத்தனை வருடமும் அவர்கள் ரேடியோ நடத்திக்கொண்டிருந்தார்கள்!