விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு போன்

(வேலூர் சத்துவாச்சாரியில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். முப்பத்தொரு வருஷம் ஒரு மருத்துவமனையின் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்து பேசியவள் நான். இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, செய்தியில் அடிபடுகிற ஆட்களும் அவர்களைப் பார்த்து நாம் சிரிப்பதும் கொதிப்பதும். எனக்குத் தெரிந்த வழி போன் வழிதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2012 டிசம்பர் 4. லண்டனில் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவமனை. இளவரசர் வில்லியமின் மனைவி கேட், கர்ப்பகால வாந்தி கடுமையாகி அங்கே சேர்ந்திருந்தார். விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில் போன் அடிக்கிறது. அந்த நேரத்தில் வரவேற்பில் ஆள் இல்லை. ஒரு செவிலியர் எடுக்கிறார். மகாராணி பேசுவது போல ஒரு குரல், பேத்தியிடம் பேச வேண்டும் என்கிறது. கொஞ்சம் இருங்கள் என்று மரியாதையாகச் சொல்லி, அவர் வார்டுக்கு லைன் கொடுக்கிறார். வார்டில் இருந்த இன்னொரு செவிலியர் நோயாளியின் நிலைமையைச் சொல்லிவிடுகிறார். பேசியது மகாராணி இல்லை. சிட்னியில் டூடே எஃப்எம் என்ற வானொலியில் நிகழ்ச்சி நடத்தும் இரண்டு பேர் செய்த பிராங்க் அது.

பதிவு செய்து வைத்ததை ஒலிபரப்பினார்கள். ஊர் ஊராக அது சுற்றியது, கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிசம்பர் 7ஆம் தேதி, முதலில் போனை எடுத்த அந்தச் செவிலியர் உயிரை மாய்த்துக்கொண்டார். 46 வயது. மங்களூரில் செவிலியர் படிப்பு படித்தவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவர் பெயர் அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. இங்கே நான் சொல்லப்போவதில்லை, அந்தப் பெயர் அலைந்தது போதும். ஒரு சாவுக்கு இதுதான் காரணம் என்று வெளியிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது, நானும் சொல்லவில்லை. நான் பேச வந்தது அந்த மூன்று நாளைப் பற்றி.

இந்த ஊரில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊர் செவிலியர் ஊர். ஐடா ஸ்கடர் அம்மையார் வளர்த்த சி.எம்.சி. மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1946இல் அது பட்டப்படிப்பானது. நூறு வருஷத்துக்கு மேலாக இங்கிருந்து பெண்கள் வேலைக்காக ஊர் ஊராக, நாடு நாடாகப் போகிறார்கள். இந்தக் கூட்டத்திலேயே இராப்பணி முடித்து வந்தவர்கள் இருப்பீர்கள். அந்த ஐந்தரை மணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கண் எரியும், கேஸ் ஷீட் பாதியில் நிற்கும், நாலு பேர் ஒரே சமயத்தில் கூப்பிடுவார்கள். அப்போது போன் அடிக்கும்.

எனக்கும் ஒன்று நடந்தது. 1987. வயரை எடுத்துக் குழியில் செருகிப் பேசுகிற பழைய போர்டு. இரவு இரண்டு மணிக்கு ஒரு குரல். "கலெக்டர் பங்களாவிலேர்ந்து பேசறேன். இன்னார் எப்படி இருக்கார்னு ஐயாவுக்கு உடனே தெரியணும்." குரலில் அப்படி ஓர் அதட்டல். நான் வார்டுக்கு லைன் கொடுத்தேன். சிஸ்டர் சொல்லிவிட்டார். காலையில்தான் தெரிந்தது, பேசியவர் அந்த நோயாளியோடு நிலத் தகராறில் இருந்த எதிர்த் தரப்புக்காரர். உறவுக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன், அது ஒரு வாரத்தில் முடிந்துபோனது.

முடியாமல் போனது சிரிப்பு. கேன்டீனுக்குள் காலை வைத்தால் போதும், "கலெக்டரம்மா வந்துட்டாங்க, இடம் விடுங்க" என்பார்கள். கெட்டவர்கள் இல்லை. என் கல்யாணத்துக்கு மொய் எழுதியவர்கள், பிள்ளை பெற்றபோது ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர்கள். ஆனால் ஆறு மாதம் நான் கேன்டீன் பக்கம் போகவில்லை. பிளாஸ்க்கில் டீ கொண்டுபோய் போர்டு பக்கத்திலேயே வைத்துக் குடித்தேன். மூடியில் ஊற்றி, ஒரு கையில் ரிசீவர், ஒரு கையில் டீ. பதினைந்து பேர் சிரித்ததற்கே எனக்கு இப்படி. அந்த அம்மா கொடுத்த லைனை எத்தனை நாட்டில் போட்டுக் கேட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

மகாராணியைக் கிண்டல் செய்தோம் என்றுதான் பிராங்க் செய்தவர்கள் நினைத்தார்கள். அரண்மனைக்கு என்ன வந்தது? இளவரசர் சார்லஸ் 6ஆம் தேதி நிருபர்களைப் பார்த்து, நான் வானொலி நிலையம் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சிரித்துவிட்டுப் போனார். பெரிய இடத்துக்கு அது சிரிப்போடு போயிற்று. மாட்டிக்கொண்டது போனை எடுத்தவர். பிராங்க் எப்போதுமே அப்படித்தான். பெரிய இடத்துப் பெயரைச் சொன்னால் மறு பேச்சில்லாமல் கதவைத் திறக்க வேண்டும் என்று சின்ன வேலைக்காரர்களைப் பழக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பணிவைத்தான் அது பிடித்து இழுக்கிறது. ஏமாந்தவரின் முட்டாள்தனம் என்று சிரிக்கிறோமே, அது அவர் வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டதன் அடையாளம்.

அந்தச் சாவுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். நேற்று வரை சிரித்த உலகம் அந்த இரண்டு பேர் மேல் பாய்ந்தது. கொலைகாரர்கள் என்றார்கள், மிரட்டல்கள் வந்தன. அவர்கள் செய்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2014இல் லண்டனில் மரண விசாரணை நடந்தபோது இருவரில் ஒருவரான அந்தப் பெண் நேரில் வந்து அழுது மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஒரு கேள்வி. பதிவு கையில் இருந்தது, நேரம் இருந்தது. அனுமதி கேட்க மருத்துவமனையைத் தொடர்புகொள்ள ஐந்து முறை முயன்றோம் என்று நிலையம் சொன்னது. அனுமதி கிடைக்காமலே ஒலிபரப்பலாம் என்று தலையாட்டியவர்கள் யார்? அவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சிரிப்பு போய்க் கோபம் வந்தபோதும் அது கிட்டத்தில் இருந்த முகத்தின் மேல்தான் விழுந்தது.

சட்டம் மெதுவாகத்தான் நடந்தது. அந்த நிலையம் விதியை மீறியதா என்று ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்யலாமா என்ற வழக்கு, ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் வரை போய் 2015இல்தான் ஆணையத்துக்குச் சாதகமாக முடிந்தது. நம் பக்கம், 2019 ஏப்ரலில் டிக்டாக் வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிராங்க் நிகழ்ச்சிகளையும் விடவில்லை. ஒருவரை அதிரவைத்துக் கேலிப்பொருளாக்குவது அவர் அந்தரங்கத்தில் கை வைப்பது என்றது. சரி, சட்டம் அதன் வேலையைப் பார்க்கட்டும். கோபம் என்ன செய்யும் என்று நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2018. பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரே பேச்சு. அப்போது இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ பாகிஸ்தானில், கராச்சியில் எடுத்தது. பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி நடித்துக் காட்டி, கடைசியில் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு, இப்படித்தான் நடக்கும், ஜாக்கிரதை என்று அட்டை காட்டுவார்கள். பெற்றோர்களை உஷார்ப்படுத்த எடுத்த படம். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது பயம் மட்டும்.

குடியாத்தம் பக்கத்தில் இந்தி பேசிய ஓர் ஆளை அடித்தே கொன்றார்கள். வைத்தியத்துக்காகக் காட்பாடி ஸ்டேஷனில் தினமும் வந்து இறங்குகிற வங்காளிக் குடும்பங்களுக்கு ரூம் கொடுத்து, சோறு போட்டு, வங்காளத்தில் போர்டு எழுதி வைத்துப் பிழைக்கிற மாவட்டம் இது! மே மாதம் 9ஆம் தேதி போளூர் பக்கம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்துக் கூட்டம் கூடி அடித்தது. 65 வயசு அம்மா ஒருவர் அந்த அடியில் செத்துப்போனார். அதையும் ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் வந்த செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் கைக்கு நாம் போட்டுக்கொள்ள வேண்டிய கட்டுப்பாடு அது.

கடைசியாக ஒன்று. 2024 பிப்ரவரி 2ஆம் தேதி, நடிகை பூனம் பாண்டே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டார் என்று அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே செய்தி வந்தது. மறுநாள் அவரே வீடியோவில் வந்து, உயிரோடுதான் இருக்கிறேன், விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். நாடே திட்டியது. என் கண்ணில் பட்ட திட்டில் பாதி அவர் செய்த காரியத்தைப் பற்றியது இல்லை, அவர் உடையைப் பற்றியது. செய்தியைச் சரிபார்க்காமல் அஞ்சலி வாசித்த சேனல்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் வேறொருவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அதே நோய்க்கு ரேடியேஷன் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. 2ஆம் தேதி சாயந்தரம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "அவ்ளோ காசு வெச்சிருக்கிறவங்களுக்கே இந்தக் கதின்னா, என்னை இன்னாத்துக்கு அலைய வெக்கிறாங்க? நாளைக்கு நான் போவல." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் நான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆட்டோவில் ஏற்றினேன். அன்றைக்கு மத்தியானம்தான் அந்த நடிகை உயிரோடு இருக்கிற செய்தி தெரிந்தது. பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி உண்டு, பரிசோதனை உண்டு, சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும். இவ்வளவுதான் விழிப்புணர்வு. சொல்லிப் புரியவைக்கலாமே, எதற்கு ஒரு பொய்ச் சாவு? பிராங்க் செய்கிறவர்கள் தங்கள் கணக்கில் இந்த அம்மாவைச் சேர்ப்பதே இல்லை. திட்டியவர்களும் சேர்க்கவில்லை.

சிரிக்காதீர்கள், கோபப்படாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த தடவை அப்படி ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, இதில் போனை எடுத்தவர் யார் என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

2012இல் அந்தச் செய்தி வந்த அன்று என் அக்கா மகளுக்குப் போன் போட்டேன். அப்போது அவள் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். விஷயத்தை நான் எடுப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். "நானா இருந்தாலும் லைன் குடுத்திருப்பேன் சித்தி. எங்க வார்டுல எல்லாரும் அதையேதான் சொல்றாங்க." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பக்கம் எங்கோ மணி அடித்தது. "பேஷண்ட் கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.