எண்ணிக்கை சரி, ரத்தம்தான் நிற்கவில்லை

நண்பர்களே, ரிப்போர்ட்டில் தட்டணு (ரத்தக் கசிவை அடைக்கும் சிறு அணு, பிளேட்லெட்) இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் பல் பிடுங்கிய இடத்தில் மறுநாளும் ரத்தம் கசிகிறது. அணுக்கள் இருந்தும் ஒட்டுவதில்லை. அந்த ஒட்டும் திறனை அளக்க வழி செய்தவர் கஸ்டவ் பார்ன்.

இயற்பியலாளர் மாக்ஸ் பார்னின் மகன் இவர். 1962-இல் லண்டனில் கஸ்டவ் செய்தது எளிய காரியம். தட்டணு நிறைந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, கலங்கலாக இருக்கும், ஒளியைத் தடுக்கும். தட்டணுவைத் தூண்டும் ஏடிபி (ADP) என்ற பொருளைச் சேர்த்துக் கலக்கினால் அணுக்கள் திரளும், ஒளி கூடுதலாக ஊடுருவும். அந்த ஏற்றத்தை வரைபடமாக்கினார். தட்டணு திரள்வதை அளக்கும் இன்றைய அக்ரிகோமீட்டர் கருவியும் அடிப்படையில் அதுதான்.

கருவியைவிட, ரத்தம் எடுக்கும் கையில்தான் தவறு அதிகம் என்பேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் 3.2 சதவீத சிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. இறுக்கிக் கட்டி, நுரைக்க உறிஞ்சினால் அணுக்கள் குழாயிலேயே தூண்டப்பட்டுவிடும். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. குளிரில் அவற்றின் வடிவம் மாறிவிடும். புவியீர்ப்பைப் போல 200 மடங்கு விசையில் பத்து நிமிடம் சுழற்றி மேல்பகுதியை எடுங்கள். ரத்தம் எடுத்த நான்கு மணி நேரத்துக்குள், 37 டிகிரியில், கலக்கிக்கொண்டே சோதனையை முடியுங்கள். கலக்காவிட்டால் அணுக்கள் சரியாக மோதிக்கொள்ளாது, வரைபடக் கோடு எழும்பாது. கொழுப்புச் சாப்பாடு சாப்பிட்டு வந்தவரின் பிளாஸ்மா வேறு காரணத்தால் கலங்கியிருக்கும். அந்த அளவையும் நம்ப முடியாது.

ஏடிபி போலவே வேறு தூண்டும் பொருள்களையும் தனித்தனியாகச் சேர்த்துப் பார்ப்போம். அவற்றில் அரகிடோனிக் அமிலத்துக்கு மட்டும் கோடு படுத்துக்கிடந்தால், நோயைத் தேடுமுன் ஆஸ்பிரின் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அதன் பாதிப்பு தட்டணுவின் ஆயுள் முழுக்க, ஏழு முதல் பத்து நாள் வரை நிற்கும்.

ஏடிபி, கொலாஜன், அட்ரினலின் எதற்கும் அசையாமல் ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் திரண்டால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாத பரம்பரை நோயான கிளான்ஸ்மன் நோயை நினைக்க வேண்டும். ரிஸ்டோசெட்டின் முதலில் ஆன்டிபயாடிக்காக வந்தது. தட்டணுக்களைக் குறைக்கிறது என்று கைவிட்டார்கள். அந்தக் கெடுதலே இங்கே நமக்குக் கருவி!

மாறாக, ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் திரளாவிட்டால் சந்தேகம் இரண்டு. இயல்பான பிளாஸ்மா சேர்த்ததும் சரியானால் வான் வில்லிபிராண்ட் நோய் (பிளாஸ்மாவில் உள்ள ஒட்டும் புரதத்தின் குறை) பக்கம் பாருங்கள், சரியாகாவிட்டால் பெர்னார்ட்-சூலியே நோய் (தட்டணுவிலேயே உள்ள குறை). பின்னதில் தட்டணுக்கள் பெரியவை, சிவப்பணுவோடு சேர்ந்து அடியில் போய்விடும். அப்போது சுழற்றாதீர்கள், குழாயை நிமிர்த்தி வைத்து, சிவப்பணுக்கள் தானாகப் படியும்வரை காத்திருந்து மேல்பகுதியை எடுங்கள்.