அம்மாவின் அட்டை, சின்னம்மாவின் அட்டை

நேயர்களுக்கு என் வணக்கம்.

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் அம்மாவின் குடும்ப அட்டை. ரேஷன் கார்டு என்று நினைத்துவிட வேண்டாம். கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்தது அது. அப்பா, அம்மா, அண்ணன், நான், நாலு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து எடுத்த படம் ஒட்டி, அதன்மேல் முத்திரை குத்தியிருக்கும். முத்திரை விழுந்தது சரியாக என் முகத்தின் மேல்.

அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, எங்கள் சின்னம்மா. அவர் கையில் இருப்பது வேறு அட்டை, முகாம் அட்டை. இருவரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். இருவரும் வந்து இறங்கியது இராமேஸ்வரத்தில்தான். அம்மா 1974இல் கப்பலில் வந்தார், சின்னம்மா 1990இல் படகில் வந்தார். ஊர் எங்கள் இரண்டு குடும்பத்தையும் ‘சிலோன்காரங்க’ என்று ஒரே சொல்லில் சொல்லும். அரசாங்கத்துக்கு அம்மா ‘தாயகம் திரும்பியவர்’, சின்னம்மா அகதி. இந்த இரண்டு கூட்டமும் இங்கே எப்படிப் பிழைத்தன, எப்படிப் பிழைக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் போன கதை. கண்டிச்சீமை என்று சொன்ன இலங்கை மலைத்தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய இடங்களில் திருச்சி, மதுரை, புதுக்கோட்டையோடு சேலமும் ஒன்று. அன்றைய சேலம் ஜில்லா என்றால் நாமக்கல், தருமபுரியெல்லாம் சேர்ந்தது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இந்த ஜில்லாவைச் சூறையாடியது. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி வந்து கூப்பிட்டான், போனார்கள். எங்கள் தாத்தாவின் அப்பா ராசிபுரத்துப் பக்கமிருந்து போனவர். மண்டபம் முகாம் என்றதும் இன்று எல்லோருக்கும் அகதிகள் நினைவு வரும். வெள்ளைக்காரன் காலத்தில் அது சிலோன் தோட்டத்துக்குப் போகிற கூலிகளை நிறுத்திவைத்து, நோய்நொடி பார்த்து அனுப்பிய இடம். போகும்போது தங்கிய அதே மண்டபத்தில்தான் திரும்பி வந்த பேரப்பிள்ளைகளும் தங்கினோம்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டார்கள். தோட்டத்துச் சனங்கள் லட்சக்கணக்கில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அப்பா இந்தியாவுக்கு மனு எழுதினார். சின்னம்மாவின் வீட்டுக்காரர் எழுதவில்லை. ‘தேயிலையை விட்டுட்டு அங்க போயி என்ன செய்ய?’ என்றாராம். ஒரு குடும்பம் இரண்டு நாடாகப் பிரிந்தது அந்த ஒரு பேச்சில்.

அப்பாவுக்கு மண்டபத்தில் எழுதிக்கொடுத்த திட்டம் ‘வியாபாரக் கடன்’. வாழ்நாளெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மனிதருக்கு வியாபாரம்! நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அரசுத் தேயிலைத் தோட்டம் இருந்தது. 1968இல் எங்களைப் போன்றவர்களுக்காகவே தொடங்கியது, பின்னால் டான்டீ என்று பெயர் பெற்றது. தெரிந்த வேலை, தங்க லயம், பக்கத்தில் நம்ம சனம். எங்களைப் போல் கடன் வாங்கியவர்களை ஊர் ஊராகச் சிதறவிட்டார்கள். அப்பா சேலத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்தார். கடனை வாங்கிக் கொடுக்கிறேன், சாமான் பிடித்துத் தருகிறேன் என்று கூடவே ஒட்டிக்கொண்ட ஒரு தரகர் பாதிப் பணத்தைச் சாப்பிட்டுவிட்டார். மீதி எட்டு மாதத்தில் கரைந்தது.

பூர்வீக ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ராசிபுரம் பக்கம் போனோம். எனக்கு ஒன்பது வயது. தோட்டத்தில் எல்லா லயத்துச் சனமும் ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்போம். இங்கே ஒரு டீக்கடையில் அப்பாவிடம் ‘எந்தத் தெரு?’ என்று கேட்டார்கள். சொன்னார். தனி டம்ளர் வந்தது. அப்பா அதைத் தொடாமல் காசை வைத்துவிட்டு எழுந்து வந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. அந்த ஊருக்கு அவர் பிறகு போகவேயில்லை.

அதன் பிறகுதான் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பஸ்ஸை விட்டு இறங்கியபோது அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ‘இது நம்ம ஊருப் பனி’ என்றார். சேர்வராயன் மலையில் காப்பி வந்ததும் இலங்கை மலையில் காப்பி பரவியதும் ஏறக்குறைய ஒரே காலம். இங்கே 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்தார். இலங்கையில் 1869இல் இலைத்துரு நோய் கண்டு காப்பி அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது. அதனால் அம்மாவுக்குத் தெரிந்தது தேயிலை மட்டும். தேயிலையில் கண் இலையில் இருக்க வேண்டாம். விரல் தானே போய் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிவிடும். கூடை முதுகில், கயிறு தலையில். காப்பியில் பை இடுப்பில். பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும், பச்சைக்காயில் கை படக்கூடாது. முதல் வாரம் அம்மாவின் விரல் பழக்கத்தில் இலையைத்தான் கிள்ளியது. சூப்பர்வைசர் கத்தினார். அம்மா அழுததை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

வேலையைக் கற்றுக்கொண்டார். ஆனால் கற்றுக்கொண்டு தீராத சங்கடம் ஒன்று இருந்தது. தேயிலையில் வருஷம் முழுக்கக் கொழுந்து உண்டு. சம்பளம் குறைவு, ஆனால் நின்று போகாது. காப்பியில் பறிப்பு என்பது மார்கழி, தை என்று சில மாதம். மற்ற நாளில் களை எடுப்பது, நிழல் மரம் கழிப்பது. அதற்கு எல்லோருக்கும் ஆள் கூப்பிட மாட்டார்கள். மலையில் ஏற்கெனவே இருந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தது, சாமையோ ராகியோ விதைத்துக்கொள்ள. எங்களுக்கு அதுவும் இல்லை. ஆடி மாதம் வந்தால் அம்மா கீழே இறங்கி, கொண்டலாம்பட்டியில் விசைத்தறிப் பட்டறையில் நூல் சுற்றப் போவார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்தப் பட்டறையில்தான்.

நான் படித்தேன். ஜாதிச் சான்றிதழ் வாங்கத்தான் உயிர் போயிற்று. ‘உங்க தாத்தா இந்த ஊர்தான் என்பதற்கு யார் சாட்சி?’ என்பார்கள். தனி டம்ளர் கொடுப்பதற்கு ஒரு சாட்சியும் கேட்காத ஊர் அது! இரண்டு வருஷம் நடந்து வாங்கினேன். ஆசிரியர் பயிற்சி, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, அரசுப் பள்ளியில் வேலை. ஓட்டுப் போட்டேன், நிலம் வாங்கினேன், வீடு கட்டினேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிற அட்டை கொடுத்தது இத்தனையும்.

இனிச் சின்னம்மா. 1977 கலவரத்தில் தோட்டத்து லயங்களைக் கொளுத்தினார்கள். சின்னம்மா குடும்பம் வடக்கே வவுனியாவுக்கு ஓடியது. காட்டை வெட்டிக் குடியேறினார்கள். அங்கே உள்ள தமிழரே சிலர் ‘தோட்டக்காட்டான்’ என்று சொல்வார்களாம். 1990இல் மறுபடி யுத்தம். படகில் ஏறி, மண்டபம் வந்து, அங்கிருந்து சேலம் மாவட்டத்து முகாம் ஒன்றுக்கு வந்தார்கள். குறுக்குப்பட்டி, பவளத்தானூர் என்று நம் மாவட்டத்தில் பல முகாம்கள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு மேல். அவற்றில் இருப்பவர்கள் ஏறக்குறைய 58,000 பேர்.

நான் முதல்முறை போனபோது சின்னம்மாவின் வீடு பத்துக்குப் பத்து. தார் அட்டைக் கூரை. சேலையைக் குறுக்கே கட்டி இரண்டு அறையாக்கியிருந்தார். என்னைக் கண்டதும் ‘ஓம் தம்பி, வா’ என்றார். வவுனியாவின் ‘ஓம்’ ஒட்டிக்கொண்டிருந்தது. தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுத்தார். அம்மாவின் கை ருசியேதான்.

ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கையில் குடியுரிமை இருந்த எங்களுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. என் அண்ணன் படிப்பை விட்டபோது ஏன் என்று கேட்க ஒருவரும் இல்லை. முகாமில் நிலை வேறு. மாதப் பணக்கொடை கொஞ்சம், ரேஷன் அரிசி உண்டு, எல்லோரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். சாயங்காலம் முகாமுக்குள்ளேயே படித்த பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார்கள். 1984இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் இதற்கு முதுகெலும்பாக நின்றன. என் வகுப்பில் முகாம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். மழை வந்தாலும் வருவார்கள், நோட்டு ஒழுங்காக இருக்கும். படிப்பில் அவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

தாண்டிப் போய் எங்கே நின்றார்கள்? சின்னம்மாவின் கடைக்குட்டி 1992இல் ஓமலூரில் பிறந்தவன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தான். இன்று வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். முகாம் ஆண்களில் பெரும்பாலோருக்கு அதுதான் தொழில். போன வருஷம் என் வீட்டுக்கு அவன்தான் அடித்தான். சுவரில் பட்டி தேய்த்த தூள் புருவமெல்லாம் வெள்ளை வெளேரென்று ஒட்டியிருக்க, சாரத்தில் நின்றபடியே என் பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். வேலை பாதியில் நிற்க, ‘அண்ணே, நாளைக்குச் செக்கிங், வர முடியாது’ என்றான். செக்கிங் என்றால் முகாமில் தலை எண்ணும் நாள். அதிகாரிகள் வரும்போது நேரில் நிற்க வேண்டும். தவறினால் பணக்கொடைக்கு ஆபத்து, பதிவுக்கும் ஆபத்து. அன்றைக்குக் கூலி போச்சு.

அவனுக்கு அரசு வேலை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது, ஓட்டு கிடையாது. சம்பாதித்தாலும் தன் பெயரில் இடம் வாங்க வழியில்லை. நம் சட்டப்படி 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் எல்லோரும் குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் இன்னும் இறுக்கம். அந்த முதல் தேதிக்கு முன் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அவர் 2024இல் ஓட்டும் போட்டார். என் தம்பி ஐந்து வருஷம் பிந்திப் பிறந்துவிட்டான். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு. இலங்கை இல்லை.

மாநில அரசு செய்ததை மறைக்கக் கூடாது. 2021இல் 7,469 புது வீடுகள் அறிவித்தார்கள். பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆயிற்று. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். சுவர் கெட்டியான வீடு வந்ததில் சின்னம்மாவுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். சின்னம்மாவிடம் அவருடைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறார். அதில் ‘இனம்’ என்ற இடத்தில் எழுதியிருப்பது ‘இந்தியத் தமிழர்’. இலங்கைக்கு அவர் இந்தியர். இங்கே அவர் இலங்கையர். முகாம்களில் இப்படி மலையகத்திலிருந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே பேரேட்டில் எழுதிவிட்டோம். 2019 ஜூனில் மதுரைக் கிளையே இதைப் பிரித்துப் பார்த்தது. இந்திய வம்சாவளியில் வந்த இவர்களுடைய குடியுரிமை மனுக்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது.

மனுப் போட வேண்டுமென்றால் பூர்வீகம் இதுதான் என்று காட்டக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் பல பேருக்குக் கலவரத்தில் எரிந்துவிட்டது, சிலருக்குக் கடலில் போய்விட்டது. ஆனால் உங்கள் வீட்டில் இருக்கலாம். ஆத்தூர், ராசிபுரம், ஓமலூர், சங்ககிரி பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிற நேயர்களே, உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கண்டிச்சீமையில் அண்ணன் தம்பி இருந்தார்களா? அங்கிருந்து வந்த கடிதம், மணியார்டர் ரசீது, தோட்டத்துத் துண்டுச் சீட்டு, பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘சிலோனில் இருக்கும் இன்னார்’ என்ற ஒரு வரி, எது இருந்தாலும் எரித்துவிடாதீர்கள், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பக்கத்து முகாமில் கொண்டுபோய்க் காட்டி, இந்தப் பெயர் யாருக்காவது தெரியுமா என்று கேளுங்கள்.

அம்மாவின் குடும்ப அட்டையில் தாத்தாவின் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கிறது. சின்னம்மாவின் பிறப்புச் சான்றிதழில் உள்ள அதே தாத்தா. இரண்டையும் சேர்த்து நகல் எடுத்து, நோட்டரி கையெழுத்து வாங்கி, சின்னம்மாவின் மனுவோடு இணைத்துக் கொடுத்திருக்கிறேன். சின்னம்மாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. மனு போய்ச் சேர்ந்ததற்கான ரசீதை அவரும் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

வணக்கம்.